‘கேஸ் தீர்ந்துபோச்சு’ என்று சொல்லும் ஏசி மெக்கானிக்கிடம் உஷார்

ஏசியில் குளிர் குறைந்துவிட்டது, கூலிங் காயில் மேல் வெள்ளையாகப் பனி. சர்வீஸுக்கு வந்தவர் நேராக அவுட்டோர் யூனிட்டில் கேஸ் அழுத்தம் காட்டும் கேஜை மாட்டி, முள் இறங்கியிருப்பதைக் காட்டினார். “கேஸ் தீர்ந்துபோச்சு, ஏத்தணும்” என்றார். இண்டோர் மூடியைத் திறக்கவே இல்லை. ஏற்றினார், காசு வாங்கினார், போய்விட்டார். சில நாள் சுமாராக ஓடியது. அப்புறம் மறுபடி பனி, போதாததற்குச் சுவரெல்லாம் தண்ணீர்.

ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்கிற சரக்கு இல்லை. கம்ப்ரஸர், கண்டென்சர், கேப்பிலரி, கூலிங் காயில் என்று மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றி வருவது அது. குறைந்திருந்தால் எங்கோ லீக் இருக்கிறது. அதை அடைக்காமல் ஏற்றினால் ஏற்றியதும் போய்விடும்.

என் ஏசியில் லீக்கே இல்லை. அடுத்து வந்தவர் இண்டோர் யூனிட்டில் காற்றைத் தள்ளும் புளோயர் வீலைக் கழற்றிக் கையில் கொடுத்தார். ஒவ்வொரு பிளேடின் குழிவிலும் கறுப்பாகத் தூசி அப்பி, பிளேடுக்கு வளைவே இல்லாமல் போயிருந்தது. அது எப்படிக் காற்றைத் தள்ளும்? காயில் மேல் காற்று படாவிட்டால் உள்ளே திரவமாக வரும் கேஸ் ஆவியாவதற்கு வேண்டிய வெப்பம் கிடைக்காது. அழுத்தம் இறங்கும், காயில் 0 டிகிரிக்குக் கீழே போகும், காற்றிலுள்ள ஈரம் பனியாக ஒட்டும், அந்தப் பனி மிச்சக் காற்றையும் மறிக்கும். கேஸ் சரியாக இருந்தாலும் முள் கீழேதான் காட்டும். தொழில் தெரிந்த யாருக்கும் இது பாலபாடம். முதலில் வந்தவருக்குத் தெரியாது என்று என்னால் நம்ப முடியவில்லை.

வீலைக் கழுவி மாட்டியதும் முள் அளவுக்கு மேல் எகிறியது, எல்லாம் அவர் ஏற்றிவிட்டுப் போன கூடுதல் கேஸ். அப்படியே ஓட்டினால் கேஸ் ஆவியாகாமல் திரவமாகவே திரும்பிப் போய்க் கம்ப்ரஸரைக் கெடுக்கலாம். எனவே முழுவதையும் எடுத்துவிட்டு, வேக்கம் போட்டு (குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்பால் உறிஞ்சி), யூனிட்டில் ஒட்டியிருக்கும் லேபிளில் உள்ள எடைக்குத் தராசில் நிறுத்து ஏற்ற வேண்டியதாயிற்று. அதற்கும் என் காசுதான்.

கேஸ் குறைவு என்று யாராவது சொன்னால், முதலில் ஃபில்டர், காயில், புளோயர் மூன்றையும் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். பனி முழுக்க உருகிய பிறகே கேஜ் மாட்டட்டும். ஏசி சரியாக ஓடினால் உள்ளே இழுக்கும் காற்றுக்கும் வெளியே வரும் காற்றுக்கும் பொதுவாக 8 முதல் 12 டிகிரி வித்தியாசம் இருக்கும், சாதாரண தெர்மாமீட்டரிலேயே பார்த்துவிடலாம். அதற்குப் பிறகும் கேஸ் குறைவுதான் என்றால், லீக் எங்கே என்று சோப்பு நுரை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். தராசும் வேக்கம் பம்பும் இல்லாமல் சிலிண்டரை மட்டும் தூக்கிக்கொண்டு வருபவரை வாசலோடு அனுப்பிவிடலாம்.