எட்டு வருடம் ஒரு மணிக்கூட்டுச் சிப்புடன்: டிஎஸ்3231 அனுபவம்

எங்கள் ஊர்க் கோயில் மணியை ஒரு மோட்டர்தான் அடிக்கிறது. அந்த மோட்டரை எப்போது ஓட்டுவது என்று முடிவெடுக்கும் பெட்டியை 2017 ஆவணியில் நான் செய்து பூட்டினேன். உள்ளே மைக்ரோகொன்ட்ரோலர் என்ற ஒரு குட்டிக் கணினி, மோட்டருக்குக் கரண்டைக் கொடுத்து நிறுத்தும் ஒரு ரிலே, டிஎஸ்3231 என்ற நேரம் காக்கும் சிப். ஃபேர்ம்வெயார் எழுதுவதுதான் என் தொழில். பகல் முழுக்க மீற்றர்களுக்கும் சென்சர்களுக்கும் உள்ளே ஓடும் மென்பொருளோடு கிடப்பவன். ஆனாலும் நான் அதிகம் அளந்து பார்த்த சிப் இதுதான். வாங்க நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன். யாழ்ப்பாணத்தில் நேரத்தைப் பற்றிப் பேச வெளிக்கிட்டால் பேச்சு சிப்போடு நிற்பதில்லை, அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

இதற்கு முதல் டிஎஸ்1307 என்ற சிப்பைப் போட்டிருந்தேன். விலை குறைவு, எல்லோரும் போடுவது. ஆறு மாதம் கழித்து ஐயர் என்னைக் கூப்பிட்டார். “தம்பி, உம்மட மணி ஏழு நிமிஷம் பிந்துது. சுவாமி பொறுத்துக்கொள்ளுவார். பள்ளிக்கூடப் பிள்ளையள் இந்த மணியைக் கேட்டுத்தான் வெளிக்கிடுறவை” என்றார். எனக்கு முகம் சுண்டிப் போயிற்று. பரிபாலன சபையில் ஒருவருமே குறை சொல்லவில்லை. ஏழு நிமிடத்தைக் கவனித்தது ஐயரும் பஸ்ஸைத் தவறவிட்ட பிள்ளைகளும்தான்.

டிஎஸ்1307 தன் துடிப்பை வெளியே பொருத்தும் ஒரு படிகத்திலிருந்து எடுக்கிறது. அந்தப் படிகம் செக்கனுக்கு 32,768 தடவை அதிரும். அதைப் பதினைந்து முறை இரண்டால் வகுத்தால் சரியாக ஒரு செக்கன். ஆனால் கடையில் கிடைக்கும் படிகங்கள் பத்து லட்சத்தில் 20 பங்கு வரை பிசகும், அதாவது நாளுக்கு 1.7 செக்கன். அதோடு இவை ஏறக்குறைய 25 பாகை வெப்பத்துக்கென்று வெட்டப்பட்டவை. அதற்கு மேலே போனாலும் கீழே போனாலும் மெதுவாகும். கோயில் மடப்பள்ளிச் சுவரில், தகரக் கூரைக்குக் கீழே, பங்குனி சித்திரையில் பெட்டிக்குள் 45 பாகை வரும். அந்த வெக்கையில் மட்டும் நாளுக்கு இன்னும் ஒரு செக்கனுக்கு மேல் பிந்தும். சேர்த்துப் பாருங்கள், ஐயரின் ஏழு நிமிடம் வந்துவிடும்.

டிஎஸ்3231 படிகத்தைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. 64 செக்கனுக்கு ஒரு தடவை தன் வெப்பநிலையை அளந்து, அதற்கேற்பத் துடிப்பைத் திருத்துகிறது. 0 முதல் 40 பாகை வரை பத்து லட்சத்தில் 2 பங்குக்கு மேல் பிசகாது என்று தயாரிப்பாளர் சொல்கிறார். வருடத்துக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம். அதற்கு மேலே 85 பாகை வரை 3.5 பங்கு. நான் ஒவ்வொரு தைப்பொங்கலன்றும் இணைய நேரத்தோடு ஒப்பிட்டுக் கொப்பியில் எழுதி வைக்கிறேன். முதல் வருடம் 41 செக்கன் பிந்தியது. சிப்புக்குள் வயது திருத்தப் பதிவேடு என்று, ஓர் எண்ணை எழுதி வைக்கும் இடம் உண்டு, ஒரு படி மாற்றினால் பத்து லட்சத்தில் 0.1 பங்கு திருந்தும். பதின்மூன்று படி மாற்றினேன். அடுத்த வருடம் 9 செக்கன். அதற்குப் பிறகு நான் அதைத் தொடவில்லை.

எல்லாச் சிப்பும் இப்படி இருக்கும் என்று நம்ப வேண்டாம். 2019இல் ஒரு கடையில் வாங்கிய மூன்று மொடியூல்களில் (சிப்பைப் பூட்டி விற்கும் சிறு பலகைகள்) ஒன்று வருடத்துக்கு ஆறு நிமிடம் முந்தியது. மேலே எழுத்தெல்லாம் அச்சொட்டாக இருந்தது, உள்ளே என்ன இருந்ததோ. கடைசியில் எம் என்று முடியும் இன்னொரு வகையும் உண்டு, அது போலி இல்லை, ஆனால் 5 பங்கு வரை பிசகும். வாங்கியதும் இரண்டு கிழமை ஓட விடுங்கள். நல்ல சிப் அந்தக் காலத்தில் இரண்டரைச் செக்கனுக்கு மேல் விலகாது. விலகினால் வீட்டு மேசைக்கு வையுங்கள், பிறர் நம்பியிருக்கும் இடத்தில் பூட்ட வேண்டாம்.

பெரிய எச்சரிக்கை பற்றரியைப் பற்றியது. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் நீல நிற மொடியூலில் பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஒரு சுற்று இருக்கிறது. அதோடு நாங்கள் போடுவதோ சார்ஜ் ஏற்றக்கூடாத சாதாரண நாணயப் பற்றரி. ஐந்து வோல்ட் கொடுத்தால் அதற்குள்ளும் மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். எனக்கு ஒரு பற்றரி வீங்கி, கசிந்து, பலகையில் மின்சாரம் ஓடும் தடத்தைத் தின்றுவிட்டது. அந்தச் சுற்றில் இருக்கும் 200 ஓம் தடையைச் சூட்டுக்கோலால் கழற்றி எறியுங்கள். இரண்டு நிமிட வேலை. இதைச் செய்யாமல் ஒரு மொடியூலையும் பூட்டாதீர்கள்.

பற்றரி என்றதும் எனக்கு அம்மம்மா வீட்டு மணிக்கூடு நினைவுக்கு வரும். 1990 ஆனியில் கரண்ட் போனது. குடாநாட்டுக்குள் கொண்டுவரத் தடைசெய்த பொருட்களில் பற்றரியும் ஒன்று. சுவரில் தொங்கிய குவார்ட்ஸ் மணிக்கூடுகள் ஒவ்வொன்றாக நின்றன. பரணில் கிடந்த சாவி மணிக்கூட்டை அம்மம்மா இறக்கித் துடைத்து மாட்டினார். அது நாளுக்கு மூன்று நான்கு நிமிடம் ஓடித் தள்ளும். பக்கத்து வீட்டு அண்ணா சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைச் சுற்ற, டைனமோவில் ரேடியோ பாடும். இரவு 9.15க்குப் பிபிசி தமிழோசை தொடங்கும். செய்தி கேட்க எல்லோரும் கூடுவார்கள். அம்மம்மா அதே நேரம் முள்ளைத் திருத்துவார். இன்று கணினிகள் இணையத்தில் நேரம் கேட்டுத் தம்மைத் திருத்திக்கொள்வதைப் படிக்கும்போதெல்லாம் அந்த முற்றம்தான் எனக்குத் தெரியும்.

“இப்ப வைஃபை இருக்குத்தானே அண்ணை, நேரத்தை இணையத்திலேயே எடுக்கலாமே” என்று என்னோடு வேலை செய்யும் தம்பிமார் கேட்பார்கள். எடுக்கலாம், எல்லாம் ஒழுங்காக இருக்கும் காலத்தில். 2022 பங்குனிக் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. ரவுட்டர் செத்தது, கொஞ்ச நேரத்தில் தொலைபேசிக் கோபுரத்துப் பற்றரியும் இறங்கிச் சிக்னலும் போனது. அந்த நாட்களில் கரண்ட் வந்த ஒவ்வொரு தடவையும் பெட்டி கண் விழித்தது, சிப்பைப் படித்தது, சரியான நேரத்துக்கு மணியடித்தது. ஒரு நாளும் பிசகவில்லை. டீசலுக்கும் காஸுக்கும் வரிசையில் நின்ற சனத்துக்கு ஒன்றாவது சொன்ன நேரத்துக்கு நடந்தது. இந்தச் சிப்புக்கு நான் நட்சத்திரம் கொடுப்பதென்றால் அந்த மாதத்துக்காகத்தான் கொடுப்பேன்.

ஃபேர்ம்வெயார் எழுதுபவர்களுக்கு ஒன்று. பற்றரி இறங்கிச் சிப் நின்றுவிட்டால், நின்றேன் என்று ஒரு பிட்டில் எழுதி வைக்கும். நிலைப் பதிவேட்டின் ஏழாவது பிட். பலர் அதைப் படிப்பதேயில்லை. படிக்காவிட்டால் பெட்டி ஏதோ ஒரு நேரத்தைப் பிடித்துக்கொண்டு நடுச்சாமத்தில் மணியடிக்கும். என் பெட்டியில் அந்த பிட் ஏறினால் மோட்டர் ஓடாது, சிவப்பு விளக்கு எரியும், ஐயர் கையால் கயிற்றை இழுப்பார். அப்படித்தான் பேசி வைத்திருக்கிறோம்.

இன்னொன்று, சிப்பில் நான் இலங்கை நேரத்தை வைப்பதில்லை. கிரினிச் நேரத்தை வைத்து, இலங்கை அதைவிட முந்தி நிற்கும் ஐந்தரை மணியைத் தனியாகச் சேமிக்கிறேன். தேவையில்லாத வேலை என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1996 மே 25இல் மின் நெருக்கடியைக் காரணம் காட்டி நாட்டின் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளினார்கள். அதே வருடம் ஒக்ரோபரில் அரை மணி பின்னே எடுத்தார்கள். 2006 ஏப்ரல் 15இல் பழையபடி ஐந்தரைக்கு வந்தது. ஆனால் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னி ஒரு நாளும் மாறவில்லை. பத்து வருடம் எங்களுக்குப் புது நேரம், அவர்களுக்குப் பழைய நேரம். 2002இல் ஏ9 பாதை திறந்ததும் பெரியம்மாவைப் பார்க்கப் போனபோது, இரண்டு பக்கமும் பிரியும் முகமாலை தாண்டியதும் பஸ்ஸுக்குள் சனம் கைக்கடிகாரத்தை அரை மணி பின்னே திருப்பியது எனக்கு நல்ல நினைவு. ஒரே வெயில், ஒரே பனைமரம், இரண்டு நேரம்.

உலகத்துக் கணினிகள் பலவும் நம்பியிருக்கும் நேரவலயத் தரவுத்தளத்தில் எங்கள் நாட்டுக்கு ஏசியா கொழும்பு என்ற ஒரே பதிவுதான். வன்னிக்குத் தனி வரி கிடையாது. இதைப் பொழுதுபோக்கான தகவல் என்று நினைத்திருந்தேன், பெரியம்மாவின் மகனுக்குக் கலியாணம் பேசும் வரை. அவன் 1998இல் வன்னியில், விடியப்புறம் பிறந்தவன். சாத்திரியார் கணினியில் நேரத்தையும் இடத்தையும் போட்டார், மென்பொருள் கிரினிச்சோடு ஆறு மணி வித்தியாசம் என்று தானாக எடுத்துக்கொண்டது. அரை மணி பிசகு. ஒரு லக்கினம் ஏறக்குறைய ஐந்து நாழிகை, அதாவது இரண்டு மணித்தியாலம். அவன் பிறந்தது லக்கினத்தின் ஓரத்தில். லக்கினமே மாறிப்போய், பொருத்தமில்லை என்று வந்தது.

பெரியம்மா ஒரு பழைய பயிற்சிக் கொப்பியை எடுத்து வந்தார். பெரியப்பாவின் கையெழுத்தில் நேரம், அதற்குப் பக்கத்தில் “பழைய நேரம்” என்று கோடிட்டு எழுதியிருந்தது. நான் சாதகம் பார்த்துக் கலியாணம் செய்யும் பழக்கத்தை ஏற்காதவன், இன்றும் அப்படித்தான். ஆனால் இடம்பெயர்ந்து ஒரு கொட்டிலில் இருந்துகொண்டு, எந்த நேரவலயம் என்பதையும் மறக்காமல் குறித்து வைத்த அந்த மனிதரின் கவனம் எந்தப் பொறியியலாளருக்கும் வேண்டும். நேரத்தோடு வலயத்தையும் சேர்த்து எழுதாவிட்டால் அந்தத் தரவு அரைகுறை. பல்கலைக்கழகத்தில் படித்தும் எனக்கு உறைக்காத பாடம் அந்தக் கொப்பியில் உறைத்தது.

பஞ்சாங்கச் சண்டையும் எங்களூரில் தீராதது. வாக்கியம் ஒரு நேரம் சொல்லும், வானத்தைப் பார்த்துத் திருத்திய திருக்கணிதம் இன்னொரு நேரம் சொல்லும், புதுவருடத்துக்கு மருத்துநீர் எப்போது வைப்பது என்று வீட்டுக்கு வீடு பிரியும். படித்தவர்கள் வாக்கியத்தை இளக்காரமாகப் பேசுவதை நான் ஒத்துக்கொள்வதில்லை. சந்திரனின் ஓட்டத்தை 248 நாட்களுக்கு 248 வாக்கியங்களாக்கி, எண்களை எழுத்துக்குள் ஒளித்து, மனப்பாடம் செய்தார்கள். கணக்கைத் திரும்பத் திரும்பப் போடாமல் அட்டவணையில் பார்த்து எடுப்பது. நினைவகம் குறைந்த சிப்பில் நானும் இதையேதான் செய்கிறேன். 1825இல் புதுச்சேரியில் வாரன் என்ற அதிகாரியின் முன்னால் தமிழ்க் கணியர் ஒருவர் தரையில் சோழிகளை அடுக்கி, மனப்பாடத்தில் இருந்த அட்டவணைகளைக் கொண்டு ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்தார். தொடக்கம் நான்கு நிமிடமே பிசகியது. நடுவும் முடிவும் கூடப் பிசகின, 23 நிமிடமும் 52 நிமிடமும். காகிதமே இல்லாமல்!

ஒரு நாள் கொப்பியில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆரியபட்டர் வழியில் வாக்கியம் எடுத்துக்கொள்ளும் வருடம் 365 நாள் 6 மணி 12 நிமிடம் 30 செக்கன். இன்றைய அளவையில் நட்சத்திர வருடம் 365 நாள் 6 மணி 9 நிமிடம் 10 செக்கன். வித்தியாசம் 200 செக்கன். சிப்பின் மொழியில் பத்து லட்சத்தில் 6.3 பங்கு. 5ஆம் நூற்றாண்டு மனிதரின் கணக்கு, நான் கோயிலில் முதலில் பூட்டிய டிஎஸ்1307ஐ விட மூன்று மடங்கு நல்லது. ஆனாலும் என் முடிவு திருக்கணிதம்தான். வானத்தைப் பார்த்துத் திருத்தாமல் விட்டால் எந்த நல்ல மணிக்கூடும் விலகும். வாக்கியத்தை ஆக்கியவர்களும் தங்கள் காலத்தில் வானத்தைப் பார்த்துத்தான் ஆக்கினார்கள். அவர்கள் விட்ட இடத்தில் அப்படியே நிற்பது அவர்களுக்கு மரியாதை இல்லை என்றுதான் ஐயரிடமும் சொன்னேன். அவர் சிரித்தார், மாறவில்லை. கோயில் விரதங்கள் இன்றும் வாக்கியப்படிதான். நேர அட்டவணையை அவர் தருகிறார், நான் ஏற்றுகிறேன்.

2021இல் நகரத்துப் பள்ளிவாசல் ஒன்றுக்குத் தொழுகை நேரப் பலகை செய்து கொடுத்தேன். சூரியனோடு போகும் நேரங்கள், நாளுக்கு நாள் மாறும். 366 நாள், ஐந்து தொழுகை, ஒவ்வொன்றுக்கும் இரண்டு பைட், ஆக 3,660. டிஎஸ்3231 மொடியூலிலேயே ஒட்டிக்கொண்டு வரும் குட்டி நினைவகம் 4,096 பைட். அப்படியே அடங்கியது. அந்த இரவு எனக்கு நல்ல சந்தோசம்.

பலகை பூட்டிய அன்று பள்ளிவாசல் பெரியவர் தேத்தண்ணி தந்து கதைத்தார். 1990 ஒக்ரோபர் 30 அன்று புலிகள் யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்கு வெளியேறக் கொடுத்தது இரண்டு மணித்தியாலம். அவருக்கு அப்போது இருபத்திரண்டு வயது. சுவர் மணிக்கூடு ஓடிக்கொண்டிருக்கக் கதவைச் சாத்திவிட்டு வந்ததாகச் சொன்னார். எனக்கு அப்போது ஆறு வயது, சில கிலோமீற்றர் தள்ளி இருந்தேன். எங்கள் வீட்டில் இதைப் பற்றி எவரும் பேசி நான் கேட்டதில்லை. எங்களுக்கு நடந்ததை நிமிடம் தவறாமல் எண்ணிச் சொல்கிற நாங்கள், அந்த இரண்டு மணித்தியாலத்தையும் அதே கொப்பியில் எழுத வேண்டும். அது எங்கள் கணக்கு.

சரி, வாங்கலாமா? வாங்கலாம். தரமானதைத் தேடி எடுங்கள், தடையைக் கழற்றுங்கள், இரண்டு கிழமை சோதியுங்கள். உப்புக் காற்றுக்கு ஊசிகள் பச்சை பிடிக்கும், செருகும் வயரை நம்பாமல் ஈயம் வைத்து ஒட்டுங்கள். பெட்டியின் துளைகளைக் கம்பி வலையால் அடையுங்கள், பல்லி முட்டையிடும். பற்றரி நான்கு வருடத்துக்கு ஒன்று மாற்றுகிறேன். போன மாதம் மாற்றினேன், மூடியின் உட்பக்கம் மார்க்கரால் திகதி எழுதினேன். 2017, 2021 என்று எழுதியவை வெக்கையில் மங்கியிருந்தன. அவற்றுக்குக் கீழே 2025, அதன் பக்கத்தில் நேரம், அதன் பக்கத்தில் +5.30.