பாரஃபினா, ஸ்டீரினா, தேன்மெழுகா? ரங்கூன் வெயிலில் நிமிர்ந்து நிற்பது எது

பர்மியப் புத்தாண்டான திஞ்ஜான் தண்ணீர்த் திருவிழாவுக்கு முந்தைய வாரம், ராத்திரி ஏழரைக்குக் கரண்ட் போய்விட்டது. டீ சாஸரில் மெழுகு நாலு சொட்டு விட்டு, இரண்டு மெழுகுவர்த்திகளை ஒட்டி நிறுத்தினேன். ஒன்று தெருமுனைக் கடையில் கட்டாக வாங்கியது, லேசாகக் கண்ணாடித்தன்மை உள்ள வெள்ளை. இன்னொன்று பால் வெள்ளை, விலை கொஞ்சம் கூட. "அண்ணே, இது சாயாது" என்று சொல்லிக் கொடுத்தார் கடைக்காரத் தம்பி. ஒன்பது மணிக்குத் தெருவே "மீ லா பீ!" (கரண்ட் வந்தாச்சு) என்று பர்மிய மொழியில் கத்த, விளக்கு வந்தது. பார்த்தால், முதலாவது தலை கவிழ்ந்து, மெழுகெல்லாம் மேஜையில் ஒழுகி உறைந்திருந்தது. இரண்டாவது வைத்தது வைத்தபடி நின்றது.

சாய்ந்தது வெறும் பாரஃபின், பூமியிலிருந்து எடுக்கும் எண்ணெயில் கிடைக்கும் மெழுகு. நின்றது அதோடு ஸ்டீரின், அதாவது கொழுப்பிலிருந்து பிரித்த கெட்டிப் பொருள், கலந்தது. இந்த இரண்டில் எது நமக்கு ஏற்றது என்று பார்க்க, இவை வருவதற்கு முன்னால் என்ன இருந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ஐரோப்பாவில் சாதாரண வீட்டு வெளிச்சம் மாட்டுக் கொழுப்பும் ஆட்டுக் கொழுப்பும்தான். காய்ச்சிய கொழுப்பில் திரியை முக்கி எடுத்து, ஆறவிட்டு, மறுபடி முக்கித் தடிமன் ஏற்றுவார்கள். எரியும்போது புகையும், அணைத்தால் தொண்டை கமறும். கொழுப்போடு சேர்ந்திருக்கும் கிளிசரின் அரைகுறையாக எரிவதால் வரும் நெடி அது. கருகி நீளும் திரியை அடிக்கடி கத்தரித்துக்கொண்டே இருக்க வேண்டும், அதற்கென்று தனிக் கத்தரியே உண்டு. 18ஆம் நூற்றாண்டில் திமிங்கலத்தின் தலையிலிருந்து எடுத்த மெழுகு வந்தது. கோடையிலும் வளையாது, சுடர் சுத்தம். ஆனால் அதற்காக அவ்வளவு பெரிய உயிரைக் கடல் கடலாகத் துரத்தினார்கள். அது வழக்கொழிந்ததில் எனக்குத் துளியும் வருத்தமில்லை.

தேன்மெழுகின் கதை வேறு. பர்மிய மொழியில் மெழுகுவர்த்திக்கு 'பயாவுங் தைங்' என்று பெயர், அதாவது மெழுகுத் தூண். நாம் வர்த்தியைப் பார்த்துப் பெயர் வைத்தோம், அவர்கள் நிற்கும் தண்டைப் பார்த்து வைத்தார்கள். தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரியில்தான் உருகும். நம் வெயிலுக்கு அசையாது, எரியும்போது லேசான தேன் மணமும் உண்டு. கத்தோலிக்கத் திருச்சபை நெடுங்காலம் பீடத்து மெழுகுதிரிக்குத் தேன்மெழுகையே வற்புறுத்தியது. ஆனால் பழைய அச்சுகளில் ஊற்றினால் ஒட்டிக்கொள்ளும். அதனால் தொங்கவிட்ட திரியின் மேல் கரண்டி கரண்டியாக ஊற்றி, பலகையில் உருட்டி உருட்டி வழவழப்பாக்கினார்கள். கைவேலை, கைவேலைக்கு ஏற்ற விலை. மூன்று மணி நேரக் கரண்ட் வெட்டுக்கு இதைக் கொளுத்த யாருக்குக் கட்டும்? கோயிலுக்கும் மாதா பீடத்துக்கும் வைத்துக்கொள்ளலாம்.

சரி, முக்கியப் போட்டிக்கு வருவோம்.

ஸ்டீரின் பிரெஞ்சு வேதியியலின் கொடை. கொழுப்பு என்பது ஒரே பொருள் இல்லை, கிளிசரினும் பலவகை அமிலங்களும் சேர்ந்தது என்று மிஷேல் செவ்ரல் காட்டினார். 1825இல் சக வேதியியலாளர் கே-லுசாக்கோடு சேர்ந்து காப்புரிமை வாங்கினார். கமறல் தரும் கிளிசரினைப் பிரித்துவிட்டு, எண்ணெயாக ஓடும் அமிலத்தைப் பிழிந்து எடுத்தால், கெட்டியான வெள்ளைப் பொருள் மிஞ்சும். அதுதான் ஸ்டீரின் எனப்படும் ஸ்டீரிக் அமிலம், உருகுநிலை ஏறக்குறைய 69 டிகிரி. லண்டனில் பிரைஸ் கம்பெனி இதோடு தேங்காய்க் கொழுப்பைச் சேர்த்து, 1840இல் விக்டோரியா ராணியின் கல்யாணத்தை ஒட்டி, திரி கத்தரிக்கத் தேவையில்லாத மலிவான மெழுகுவர்த்தியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஒரு விஷயம் கவனிக்க வேண்டும்: ஸ்டீரின் மாட்டுக் கொழுப்பிலிருந்தும் வரலாம், பாமாயிலிலிருந்தும் வரலாம். பூஜை அறைக்கு வாங்குகிறவர்கள் இதைக் கேட்டு வாங்குவது நல்லது.

பாரஃபின் நம் மண்ணின் சரக்கு. மெழுகுவர்த்தி வரலாறு எழுதுகிறவர்கள் 1850இல் நிலக்கரியிலிருந்து பாரஃபின் எடுக்கக் காப்புரிமை பெற்ற ஜேம்ஸ் யங்கைச் சொல்வார்கள், பர்மாவை ஒரு வரியில் கடந்துவிடுவார்கள். அது நியாயமில்லை. ஐராவதிக் கரையில் இருக்கும் யேனான்ஜாவுங்கின் பெயரிலேயே 'நாறும் தண்ணீர்' இருக்கிறது. 1797இல் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஹைரம் காக்ஸ் அங்கே போனபோது, கையால் தோண்டிய எண்ணெய்க் கிணறுகள் 500க்கு மேல் இருந்தன. பரம்பரை உரிமைக் குடும்பங்களின் கிணறுகள் அவை. அந்த எண்ணெயில் மெழுகு அதிகம், குளிர்ந்தால் கூழாக இறுகிவிடும். விளக்குக்கு அது தொல்லை, மெழுகுவர்த்திக்கு அதுவே வரம். பீப்பாய்களில் லண்டன் போன இந்த 'ரங்கூன் தார்' எண்ணெயை நீராவியால் காய்ச்சி வடித்து மெழுகு பிரிக்க வாரன் டி லா ரூ என்ற வேதியியலாளர் வழி கண்டார். 1850களில் பிரைஸ் கம்பெனி அதை எடுத்துக்கொண்டது.

அப்புறம் 1886இல் பர்மா ஆயில் கம்பெனி வந்தது. ரங்கூனுக்கு எதிரே, ஆற்றுக்கு அக்கரையில் சிரியத்தில், இன்றைய தன்லினில், சுத்திகரிப்பு ஆலை எழுந்தது. இந்தியக் கூலிகள் பெருந்திரளாக உழைத்த இடம் அது. ரங்கூன் துறைமுகத்திலிருந்து மெழுகும் மெழுகுவர்த்தியும் கப்பலேறின. 1942 மார்ச்சில் ஜப்பானியப் படை நெருங்கியபோது, பின்வாங்கிய பிரிட்டிஷார் அந்த ஆலையைத் தாங்களே தகர்த்தார்கள்.

பாரஃபினின் பலம் விலையும் வெளிச்சமும். நெடி இல்லை, அச்சில் ஊற்றினால் சுலபமாகக் கழன்று வரும். பலவீனம் சூடு. மலிவு ரகம் 50 டிகிரியிலேயே இளகும், அதற்கு வெகு முன்பே மென்மையாகிச் சாயும். அதனால்தான் ஸ்டீரினைக் கலக்கிறார்கள். ஆக, என் சாஸரில் நின்றது இரண்டு எதிரிகளில் ஒன்று இல்லை, இருவரும் சேர்ந்தது. வீட்டுக்கு நான் வாங்கச் சொல்வதும் அந்தக் கலப்பைத்தான்.

ஆனால் எந்த மெழுகாக இருந்தாலும் திரி சரியில்லை என்றால் புகைதான். கத்தரிக்கோலுக்கு வேலை இல்லாமல் செய்ததில் பின்னல் திரிக்குப் பெரிய பங்கு உண்டு. 1820களில் பிரான்சில் கம்பசேரெஸ் என்பவர் கொண்டுவந்தது. பின்னலின் இழுவையால் திரியின் நுனி வளைந்து சுடரின் ஓரத்துக்கு வரும், அங்கே காற்றுபட்டுச் சாம்பலாகிவிடும். இன்று ராத்திரி உங்கள் மெழுகுவர்த்தியை உற்றுப் பாருங்கள், திரி நுனி ஒரு பக்கம் சாய்ந்து சிவப்பாகக் கனன்றுகொண்டிருக்கும். எனக்கு இதுவே இந்த வரலாற்றில் மிக அழகான கண்டுபிடிப்பு.

நம் அகல் விளக்கையும் போட்டியில் சேர்க்காமல் விட முடியாது. நல்லெண்ணெய் விளக்கு வெயிலில் வளையாது, தீர்ந்தால் ஊற்றிக்கொள்ளலாம். படிக்க வெளிச்சம் போதாது, தட்டிவிட்டால் எண்ணெய் தரையெல்லாம் ஓடும். குழந்தைகள் பாடம் படிக்கக் கலப்பு மெழுகுவர்த்தி, சாமிக்கு நல்லெண்ணெய் என்று எங்கள் வீட்டில் பிரித்துக்கொண்டோம். எள் விளைச்சலுக்குப் பேர்போன மகுவே வட்டாரத்தை இங்கே 'எண்ணெய்ப் பானை' என்பார்கள். யேனான்ஜாவுங்கும் அதே மகுவேயில்தான் இருக்கிறது.