சிக்குன்குனியாவின் பூர்வீகம்: ஒரு மரபணு போதுமா, முழுத் தொகுதியும் வேண்டுமா?

குலசேகரம், மார்த்தாண்டம் பக்கம் மழை விட்டதும் ரப்பர் மரத்துச் சிரட்டைகளை எட்டிப் பாருங்கள். பால் வெட்டாத நாட்களில் அதில் தேங்கும் தண்ணீர் போதும், ஏடிஸ் அல்போபிக்டஸ் கொசு பெருக. சிக்குன்குனியா வைரஸ் இந்தக் கொசுவோடு ஒட்டிக்கொண்ட கதையைத் தேட இரண்டு வழிகள் உண்டு: ஒரு மரபணுவை மட்டும் படிப்பது, இல்லையேல் வைரஸின் மரபணுத் தொகுதி (ஜீனோம்) முழுவதையும் படிப்பது.

முதல் வழி, வைரஸின் மேலுறைப் புரதம் ஒன்றுக்கான இ1 மரபணுவை மட்டும் படிப்பது. சுமார் 1,300 மரபணு எழுத்துகள்தான், செலவும் குறைவு. 1960களில் இந்தியாவில் பரவியது ஆசிய வகை, 2006இல் பரவியது ஆப்பிரிக்க வழி வந்த வகை என்பதை இதுவே சொல்லிவிடும். 2007இல் கேரளத்தில் கண்ட ஏ226வி மாற்றமும் (இ1 புரதத்தின் 226ஆம் இடத்தில் ஓர் அமினோ அமிலம் மாறியது) இதில் சிக்கும். வைரஸை அல்போபிக்டஸுக்குத் தோதாக்கிய மாற்றம் அது.

சரி, இதே மாற்றம் இந்தியப் பெருங்கடலின் ரீயூனியன் தீவில் முன்பே வந்ததே, அங்கிருந்துதான் இங்கே வந்ததா? இங்கேதான் முழுத் தொகுதி கைகொடுக்கிறது. கிட்டத்தட்ட 11,800 எழுத்துகளையும் வைத்து வம்ச மரம் வரைந்தால், கேரள வைரஸ் இந்திய வைரஸ்களோடு சேர்கிறது. அதாவது மாற்றம் இங்கே தனியாகவே பிறந்திருக்கிறது. 2009இல் கேரளத்தில் கண்ட எல்210க்யூ மாற்றமோ இ2 மரபணுவில் இருக்கிறது. இ1ஐ மட்டும் பார்ப்பவர் கண்ணில் அது படவே படாது.

ரத்தத்தில் வைரஸ் குறைவாக இருந்தால் முழுத் தொகுதி கிடைப்பது கஷ்டம். அப்போது இ1 போதும். மற்றபடி என் ஓட்டு முழுத் தொகுதிக்கே. தமிழக-கேரள எல்லையிலுள்ள களியக்காவிளை செக்போஸ்ட்டின் இரு பக்கத்து மாதிரிகளும், எடுத்த தேதியோடு, ஒரே மரத்தில் சேர வேண்டும்.