ஓடிசி லோடுக்கான பெர்மிட் சேவை: வாங்கலாமா? என் மதிப்பெண் ஐந்துக்கு மூன்று

ஐரோப்பாவில் நாடு விட்டு நாடு ஓடிசி லோடு, அதாவது சாதாரண லாரி அளவுக்குள் அடங்காத சரக்கு, ஏற்றி அனுப்புகிற கம்பெனிகளுக்காக நடத்தப்படும் ஒரு ஆன்லைன் சேவையை எங்கள் டிஸ்பேட்ச் மேசையில் கொஞ்ச காலமாகப் பயன்படுத்துகிறோம். பெயர் போடவில்லை, குறையும் சொல்லப்போகிறேன் என்பதால் வம்பு வேண்டாம். இதே வேலையைச் செய்யும் வேறு சேவைகளும் இருக்கின்றன, எதை வாங்கினாலும் உரசிப் பார்க்க வேண்டிய இடங்கள் இவைதான்.

லோடின் அகலம், உயரம், நீளம், எடை, ஆக்சில் கணக்கு, எங்கிருந்து எங்கே என்று கொடுத்தால் எந்தெந்த நாட்டில் பெர்மிட் வேண்டும், எந்த நாளில் எந்த மணிக்கு வண்டி ஓடக்கூடாது, லோடுக்குத் துணையாக ஓடும் எஸ்கார்ட் வண்டி எத்தனை என்று ஒரே திரையில் காட்டும். தனிக் கட்டணம் கட்டினால் அவர்களே விண்ணப்பமும் போட்டுத் தருவார்கள். சொல்லும்போது நன்றாகத்தான் இருக்கிறது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். சாதாரண லாரிகளுக்கான தடை நேரங்களில் இதில் பிழையே பார்க்கவில்லை. ஜெர்மனியில் 7.5 டன்னுக்கு மேற்பட்ட லாரி ஞாயிறு இரவு 10 மணி வரை ஓடக்கூடாது, ஜூலை, ஆகஸ்ட் சனிக்கிழமைகளில் காலை 7 முதல் இரவு 8 வரை குறிப்பிட்ட ஆட்டோபான்களில், அதாவது அதிவேக நெடுஞ்சாலைகளில், கூடுதல் தடை. ஆஸ்திரியாவில் சனி பிற்பகல் 3 மணிக்கே கதவு மூடிவிடும். சுவிட்சர்லாந்தில் தினமும் இரவு 10 முதல் காலை 5 வரை ஓட்டமே கிடையாது. இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனால் கார்ப்பஸ் கிறிஸ்டி மாதிரியான விடுமுறையில்தான் ஆட்கள் மாட்டிக்கொள்வார்கள். அன்றைக்கு பவேரியாவில் தடை உண்டு, பக்கத்திலேயே இருக்கும் துரிங்கியாவில் கிடையாது. எந்த மாநில எல்லையில் வண்டியை நிறுத்த வேண்டும் என்பதை இந்தச் சேவை வரைபடத்திலேயே கோடு போட்டுக் காட்டுகிறது. அதற்கே ஒரு மதிப்பெண் கொடுத்தேன்.

ஆனால் நாங்கள் பணம் கட்டியது சாதாரண லாரிக்காக இல்லையே! அகலம் 2.55 மீட்டர், உயரம் 4 மீட்டர், டிரெய்லரோடு சேர்த்து நீளம் 16.5 மீட்டர், எடை 40 டன், பொதுவாக இதற்குள் இருந்தால் பெர்மிட் தேவையில்லை, நாள்காட்டியைப் பார்த்து ஓட்டலாம். அளவு தாண்டிவிட்டால் நாள்காட்டி மட்டும் போதாது, அந்த லோடுக்கென்று தனித் தடை நேரங்கள் வந்து சேரும், அவை பெரும்பாலும் இன்னும் கடுமையாக இருக்கும். இந்தச் சேவை சறுக்குவது சரியாக அந்த இடத்தில்தான்.

பிரான்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே சாதாரண லாரிக்குத் தடை சனி இரவு 10 மணி முதல் ஞாயிறு இரவு 10 மணி வரை. ஓடிசி லோடுக்கோ சனி பகல் 12 மணிக்கே ஆரம்பித்து திங்கள் காலை 6 மணி வரை நீளும். விடுமுறை நாளுக்கும் இதே கணக்கு, முந்தின நாள் பகல் 12-லிருந்து மறுநாள் காலை 6 வரை. 3.8 மீட்டர் அகலத்தில் ஒரு சைலோ டாங்க், அதாவது அங்கே இரண்டாம் வகையில் வரும் லோடு. அந்த அகலத்தை அவர்கள் பெட்டியிலேயே டைப் பண்ணிவிட்டு மே மாதத் திட்டம் கேட்டோம், மே 8 பிரான்ஸில் விடுமுறை. தடை தொடங்கும் நேரம் என்று திரையில் வந்தது மே 7 இரவு 10 மணி. பகல் 12 என்பது எங்கே இருந்தது தெரியுமா? ‘கூடுதல் நிபந்தனைகள்’ என்று சின்ன எழுத்தில் இருக்கும் பொத்தானை அழுத்தி, அதற்குள் திறக்கும் பிடிஎஃப்பின் கீழ்ப் பகுதியில். தகவல் இருக்கிறது, இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் பகல் 12-க்கும் இரவு 10-க்கும் நடுவே இருக்கும் அந்தப் பத்து மணி நேரத்தை நம்பி ஒருவர் வண்டியைக் கிளப்பினால் நிலைமை என்ன? லோடோடு சாலையில் போலீஸ் நிறுத்தும், அபராதம் விழும், அத்தோடு எஸ்கார்ட் காத்திருக்கும் ஒவ்வொரு மணிக்கும் பில் ஏறும். அகலம் எவ்வளவு என்று முதல் திரையிலேயே கேட்டு வாங்கிக்கொள்கிற மென்பொருள் அதை நாள்காட்டியில் சேர்க்காமல் விட்டதற்கு எந்தச் சமாதானமும் எனக்குப் பிடிபடவில்லை.

அடுத்தது எல்லை தாண்டும் இடம். ஜெர்மன் பெர்மிட்டில் எங்களுக்குக் கொடுத்த நேரம் இரவு 10 முதல் காலை 6, பிரெஞ்சு பெர்மிட்டில் பகல் மட்டும். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் சரி. சேவை போட்டுக் கொடுத்த திட்டப்படி வெள்ளி காலை 6 மணிக்கு வண்டி எல்லையில், அன்று மாலையே தளத்தில் இறக்கம். இரவெல்லாம் ஓட்டிய டிரைவர் 11 மணி நேரம் ஓய்வெடுக்க வேண்டும், குறைத்தாலும் 9 மணி நேரத்துக்குக் கீழே போக முடியாது, ஓட்டும் நேரத்தையும் ஓய்வையும் பதிவு செய்யும் டாகோகிராஃப் கருவி சும்மா இருக்காது. அப்படியானால் அவர் மறுபடி ஸ்டியரிங்கைப் பிடிக்கும்போது பிற்பகல் 3 மணியாவது ஆகியிருக்கும். மிச்சமிருக்கும் வெளிச்சத்தில் கொஞ்சம், சனி பகல் 12-க்குள் கொஞ்சம், அதற்குள் சேரவில்லை என்றால் திங்கள் காலை வரை பார்க்கிங். அந்த அகலத்துக்கு எல்லா பார்க்கிங்கிலும் இடம் கிடைக்காது என்பது வேறு கதை. நாங்கள் எல்லையில் மாற்று டிரைவர் ஒருவரை ஏற்பாடு செய்து சமாளித்தோம். அந்த யோசனையைச் சொன்னது எங்கள் டிரைவர் அண்ணன், சேவை இல்லை.

விண்ணப்பம் போடும் பிரிவு தனி ரகம், அங்கே இருப்பவர்களுக்கு வேலை தெரியும். ஜெர்மனியில் விண்ணப்பம் எல்லாம் வெமாக்ஸ் என்ற ஆன்லைன் முறை வழியாகத்தான் போகும். வழியில் வரும் பாலங்களைச் சரிபார்க்க வேண்டியிருந்தால் வாரக்கணக்கில் இழுக்கும், தேதி மாறினால் திரும்ப அலைச்சல். 2021 டிசம்பரில் ராமெடே பாலத்தை மூடியபோது ஏ45 ஆட்டோபானே அங்கே துண்டாகிப்போனதைப் பார்த்தவர்களுக்கு, அதிகாரிகள் பாலம் என்றாலே ஏன் இவ்வளவு யோசிக்கிறார்கள் என்று விளக்க வேண்டியதில்லை. எங்கள் பெர்மிட்டில் ஒரு பாலத்துக்கு ‘வேறு வண்டி இல்லாமல், நடுவில், நடை வேகத்தில்’ என்று நிபந்தனை இருந்தது. பக்கம் பக்கமான ஜெர்மன் தாளிலிருந்து அதைத் தேடியெடுத்து, கிலோமீட்டர் எண்ணோடு டிரைவருக்குப் புரியும் மொழியில் ஒரே தாளில் எழுதி அனுப்பியது அந்தப் பிரிவில் இருந்த அம்மாதான். பயணத்தில் ஜெர்மன் தெரிந்த ஒருவர் கூடவே இருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் அவரே முன்கூட்டிச் சொல்லிவிட்டார். இரண்டாவது மதிப்பெண்ணும் மூன்றாவதும் முழுக்க அவருக்குத்தான்.

தொலைபேசி உதவி சுமார். அலுவலக நேரத்தில் எடுப்பார்கள். ஓடிசி லோடு பெரும்பாலும் ராத்திரியில் நகரும் தொழிலில் அலுவலக நேர உதவியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவர்களிடமே கேட்டேன், ‘பரிசீலிக்கிறோம்’ என்றார்கள்.

சரி, யார் வாங்கலாம்? சாதாரண லாரிகள் நிறைய, ஓடிசி எப்போதாவது என்றால் தாராளமாக. ஓடிசி மட்டுமே செய்பவர்கள் நாள்காட்டிச் சந்தாவை விட்டுவிட்டு, விண்ணப்பப் பிரிவுக்கு மட்டும் தனியாகப் பணம் கட்டுங்கள், அதற்கு வழி இருக்கிறது, விலைப் பட்டியலில் கடைசி வரியில் போட்டிருக்கிறார்கள். ஆண்டுச் சந்தாவுக்குத் தள்ளுபடி என்று விற்பனை ஆள் விடாமல் கூப்பிடுவார். முதலில் ஒரு மாதத்துக்கு மட்டும் எடுங்கள், முடிந்தால் மே மாதத்துக்கு. மூன்று நாடுகள் தாண்டும் ஒரு அகலமான லோடைப் போட்டு, அது காட்டும் நேரத்தையும் கையில் வந்த பெர்மிட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு அவருக்குப் பதில் சொல்லுங்கள்.