மாத்தளையில் வாடகை பைக்: ஒரு வருடத்துக்கு மேல் ஓட்டிய அனுபவம்

மாத்தளையில் பைக் வாடகைக்கு எடுக்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எந்த இறக்கத்தில் இறங்கப் போகிறீர்கள்? டவுனுக்குள் சுற்றுவதற்கு வண்டியே தேவையில்லை. எல்கடுவ, ரிவஸ்டன், கம்மடுவ என்று மேலே போவதாக இருந்தால் கட்டாயம் எடுங்கள். ஆனால் எந்த வண்டி என்பதை ஏறும் பாதையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஏறுவதற்கு எல்லா வண்டியும் எப்படியோ ஏறிவிடும்.

நான் ஆசிரியை. புசல்லாவைப் பக்கத்திலிருந்து இடமாற்றத்தில் இங்கே வந்தேன். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து பழைய பைக்குகள்கூட என்ன விலைக்குப் போயின என்பது உங்களுக்கே தெரியும். 2025இல் இறக்குமதி மறுபடி தொடங்கியும் எங்கள் சம்பளத்துக்கு எட்டுகிற விலை வரவில்லை. அதனால் மாத வாடகைக்கு எடுத்தேன். முதலில் 110 சிசி ஸ்கூட்டர், பிறகு 125 சிசி கியர் பைக். வார நாட்களில் பாடசாலைக்கு, சனி ஞாயிறில் ஊர் பார்க்க. இரண்டு வண்டியோடும் எல்லாப் பருவத்தையும் பார்த்தாயிற்று.

ஊரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கண்டியிலிருந்து வடக்கே ஏ9 வீதியில் ஏறக்குறைய 25 கிலோமீற்றர் வந்தால் மாத்தளை. கடல் மட்டத்திலிருந்து 400 மீற்றர்கூட இல்லை, பகலில் நன்றாக வேர்க்கும். கிழக்கே நிமிர்ந்து பார்த்தால் நக்கிள்ஸ் மலைத்தொடர். 1880இல் வந்த ரயில் பாதை இங்கேயே முடிந்துவிடுகிறது. ரயில் நிலையம், பஸ் நிலையம், சந்தை, முத்துமாரியம்மன் கோயில் எல்லாம் நடக்கும் தூரத்தில்தான். அலுவிகாரை என்ற குகை விகாரைக்கு வடக்கே 3 கிலோமீற்றர் அளவுதான், பஸ்ஸில் ஏறினால் உடனே இறங்கிவிடலாம். பௌத்த மறையான திரிபிடகம் முதன்முதலாக எழுத்தில் ஏறிய இடம் அது. 1848 கிளர்ச்சியின்போது அங்கிருந்த ஓலைச்சுவடிகள் வெள்ளைக்காரப் படையால் அழிந்தன. இவற்றுக்காக மட்டும் வருபவர்கள் வாடகைக் காசை மிச்சம் பிடிக்கலாம்.

கண்டியில் வண்டியை எடுத்துக்கொண்டு இங்கே ஓட்டிவரலாமா என்றும் கேட்கிறார்கள். வரலாம். ஏ9இல் அக்குறணை நெரிசல் பொறுமையைச் சோதிக்கும். பெரிய மழை என்றால் அக்குறணை டவுனுக்குள்ளேயே வெள்ளம் ஏறிவிடும். எனக்குப் பிடித்தது வத்தேகம, உக்குவளை வழி. வளைவு அதிகம், லொறி குறைவு, ரயில் பாதை கூடவே வரும். பொல்கொல்லையில் திருப்பிவிட்ட மகாவலித் தண்ணீர் மலைக்கு அடியில் ஏறக்குறைய 8 கிலோமீற்றர் சுரங்கத்தில் வந்து, உக்குவளை மின்நிலையத்தை ஓட்டிவிட்டு சுது கங்கையில் விழுகிறது. ஊருக்குள் அந்த ஆற்றின் ஓட்டத்தைப் பார்க்கும்போது இது கண்டிப் பக்கத்துத் தண்ணீர் என்று பிள்ளைகளுக்குச் சொல்வேன்.

வாடகை விஷயம். போர்ட் போட்ட கடைகளைத் தேடி அலையாதீர்கள். கராஜ், உதிரிப்பாகக் கடை, கெஸ்ட் ஹவுஸ், இங்கே விசாரித்தால் போதும். நாள் வாடகையாக எனக்குச் சொன்ன விலைகள் ஸ்கூட்டருக்கும் 125க்கும் 2,000 முதல் 3,000 ரூபாய் வரை. மாதமாகப் பேசினால் நாள் கணக்குப் பாதிக்கும் கீழே இறங்கும். சேர்விஸ் யார் செலவு, பிரேக் ஷூ தேய்ந்தால் யார் செலவு, டயர் பஞ்சர் யார் செலவு என்பதையெல்லாம் முதல் நாளே பேசி, ஒரு தாளில் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்து வையுங்கள். நான் முதலில் எடுத்த இடத்தில், எடுக்கும்போதே இருந்த கீறலுக்கு வண்டியைத் திருப்பிக் கொடுக்கையில் காசு கேட்டார்கள். எடுத்த அன்றே சுற்றிச் சுற்றி எடுத்த வீடியோ ஃபோனில் இருந்ததால் பேச்சு அதோடு நின்றது. அதன்பிறகுதான் நானா என்று நான் கூப்பிடும் இப்போதைய கராஜ்காரரிடம் வந்தேன்.

இனி ஸ்கூட்டரா கியர் பைக்கா. இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும்.

டவுன், உக்குவளை, ஏ9 என்று இருக்கும்வரை ஸ்கூட்டருக்கு நிகரில்லை. சீட்டுக்கடியில் மழைக்கோட்டு, முன்னால் கொக்கியில் புத்தகப் பை, சேலையோடும் உட்காரலாம். பிரச்சினை எல்கடுவையில் வருகிறது. உக்குவளைப் பக்கமிருந்து தேயிலைக்குள் ஏறிப்போகும் பாதை. செம்புவத்தை வாவி பார்க்கப் போகிறவர்களும் அந்தப் பக்கம்தான் ஏறுவார்கள். ஏறும்போது ஸ்கூட்டர் முனகும், ஆனாலும் போகும். இறங்கும்போது கவனியுங்கள். ஸ்கூட்டரில் கியர் கிடையாது, பெல்ட்தான். அக்சலரேட்டரை விட்டாலும் ஓரளவு வேகம் இருக்கும்வரை எஞ்சின் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். கொண்டை ஊசி வளைவுக்காக வேகத்தை நன்றாகக் குறைத்தால் கிளச் தானாக விட்டுவிடும். அந்த நிமிடத்திலிருந்து வண்டியையும் உங்களையும் பிடித்து நிறுத்துவது பிரேக் மட்டுமே. இரண்டு சக்கரத்திலும் டிரம் பிரேக் என்றால், தொடர்ந்து பிடித்துக்கொண்டே வரும்போது ஷூ சூடேறி ஒரு கருகல் வாடை வரும். பிறகு எவ்வளவு அழுத்தினாலும் பிடிப்பு குறைந்துகொண்டே போகும். அந்த வாடை வந்தால் ஓரமாக நிறுத்துங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், தானாக ஆறட்டும். எல்கடுவ இறக்கத்தில் ஸ்கூட்டரோடு வரும்போதெல்லாம் பாதியில் நின்று ஆறவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.

கியர் பைக்கில் இந்தக் கவலை பெருமளவு இல்லை. ஏறும்போது எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள், எஞ்சினே பிடிக்கும். முன்னால் டிஸ்க் இருந்தால் இன்னும் நிம்மதி. நான் மாற்றிக் கேட்டபோது நானா, “டீச்சருக்கு ஸ்கூட்டி போதுமே, இது பாரம்” என்றார். “எல்கடுவ, கம்மடுவன்னு போறேன் நானா” என்றதும் மறுபேச்சு இல்லாமல் சாவியைக் கொடுத்துவிட்டு, “அப்ப ரெண்டாவதுலயே இறக்குங்க, பிரேக்க புடிச்சிக்கிட்டே வராதீங்க” என்றார். பெண்கள் கேட்டால் ஸ்கூட்டரைத்தான் நீட்டுவார்கள். உங்களுக்கு என்ன தேவை என்பதைப் பாதையின் பெயரோடு சொல்லுங்கள், கொடுப்பார்கள்.

எடுக்கும்முன் பார்க்க வேண்டியவற்றில் டயரை முதலில் வைக்கிறேன். பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. பட்டன் தேயாமல் இருந்தாலும் ரப்பர் பழசாகி இறுகியிருந்தால் ஈர வளைவில் வழுக்கும். வீதியோரத்தில் பாய் விரித்து மிளகு காயவைக்கும் ஊர் இது. சிதறிய மிளகின்மேல் சக்கரம் ஏறினால் எப்படியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அடுத்தது முன்விளக்கு. பகலில் எடுக்கும்போது யாரும் பார்ப்பதில்லை, மேலே பனிமூட்டத்தில் அதுதான் துணை. ஹெல்மட் இரண்டு கேளுங்கள், இலங்கைத் தரநிலைக்குரிய எஸ்.எல்.எஸ். (SLS) முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மட் சட்டப்படி கட்டாயம்.

பத்திரங்கள்: வண்டியின் வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி, புகைப் பரிசோதனைச் சான்றிதழ் மூன்றும் திகதி தாண்டாமல் கையில் இருக்க வேண்டும். உங்கள் சாரதி அனுமதிப்பத்திரத்தையும் பாருங்கள். ஏ1 மட்டும் இருந்தால் 100 சிசிக்கு மேல் ஓட்ட முடியாது, ஏ வேண்டும். அடையாள அட்டையின் பிரதியைக் கொடுங்கள், அசலை விட்டுவிட்டு வராதீர்கள். காப்புறுதியில் எல்லோரும் கவனிக்காத இடம் ஒன்று: அது சொந்தப் பாவனைக்கு எடுத்ததா, வாடகைக்கு விடவும் சேர்த்து எடுத்ததா? சொந்தப் பாவனைக்கு மட்டும் எடுத்திருந்தால் விபத்தின் பிறகு உங்கள் கையில்தான் சுமை விழும். பத்திரத்தை விரித்துக் காட்டத் தயங்குகிறவரிடம் எடுக்காதீர்கள்.

ரிவஸ்டன் பாதை எல்லோரும் ஆசைப்படுவது. இரத்தோட்டையைத் தாண்டி நக்கிள்ஸ் மேலே ஏறி இலுக்கும்புறப் பக்கம் இறங்கும். நக்கிள்ஸ் 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த மத்திய மலைநாட்டின் ஒரு பகுதி. உச்சியில் காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும். அங்கே மட்டும் ஸ்கூட்டரின் இலேசான எடை எனக்குப் பயமாக இருந்திருக்கிறது. விடிந்ததும் புறப்பட்டு மதியத்துக்குள் இரத்தோட்டைக்குத் திரும்பிவிடுவது என் வழக்கம். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் ஆனால் இடியோடு கொட்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிலையாக விடுகிறது. இரத்தோட்டைக்கு மஞ்சள் என்று வந்தாலே நான் வண்டியை எடுப்பதில்லை. மலையில் பிறந்தவர்களுக்கு மண் இறங்கினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிது ஏ9இல் வடக்கே போகும் பயணம். நாலந்தைக்குப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டுதான் கிளம்புவேன். அங்கேயிருக்கும் கெடிகே என்பது கல்லாலான பழைய வழிபாட்டுக் கட்டடம். பார்ப்பதற்கு நம் கோயில் அமைப்பு, பல்லவர் பாணி, ஆனால் பௌத்தச் சின்னங்களும் கலந்திருக்கும். போவத்தென்ன நீர்த்தேக்கம் வந்தபோது மூழ்காமலிருக்க, கல் கல்லாகப் பிரித்து உயரத்தில் மறுபடி கட்டினார்கள். போகிற வழியில் மனம் நிற்பதோ வீதியில்தான். வெள்ளைக்காரரின் கோப்பித் தோட்டக் காலத்தில் தமிழகத்திலிருந்து வந்து மன்னார்க் கரையில் இறங்கிய நம் ஆட்கள் காடு வழியாக நடந்து, தம்புள்ளை, நாலந்தை கடந்து மாத்தளைக்கு வந்தது இந்தத் தடத்தில்தான். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் எத்தனையோ பேர். தப்பி வந்தவர்கள் கும்பிட்ட மாரியம்மன் இன்றைக்கு 108 அடிக் கோபுரத்தோடு நிற்கிறாள். 1983 கலவரத்தில் எரித்தார்கள், மறுபடி கட்டினோம். பஸ்ஸில் இந்த வீதியைக் கடந்தால் ஜன்னல் மட்டும்தான். பைக்கில் போகும்போது நினைத்த இடத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, அந்தக் காட்டு வெயில் தோளில் விழ நிற்க முடிகிறது. நம் பிள்ளைகள் ஒரு தடவையாவது இப்படி வந்து நிற்க வேண்டும்.

கம்மடுவையைப் பற்றி இரண்டு வார்த்தை. பஸ் குறைவு, தோட்டப் பாதையில் குண்டும் குழியும். என்னிடம் படிக்கும் சில பிள்ளைகளின் லயங்கள், அதாவது தோட்டத்து வரிசை வீடுகள், அந்தப் பக்கம். பைக் கைக்கு வந்த பிறகுதான் வீடுகளுக்குப் போய்ப் பெற்றோரோடு உட்கார்ந்து பேச முடிந்தது. வாடகையில் எனக்குக் கிடைத்த பெரிய இலாபம் இதுதான். அங்கே போகும்போது பெற்றோலை இரத்தோட்டையிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

மாசி மகத்தை ஒட்டி வருபவர்கள் பைக் எண்ணத்தை விட்டுவிடுங்கள். மாரியம்மனின் பஞ்சரதம் வீதிக்கு வந்தால் டவுனுக்குள் சக்கரம் நகராது. அந்த வாரத்தில் வாடகைக்கு வண்டியும் அகப்படாது.

என் 125ஐ அடுத்த மாதத்துக்கும் எடுத்துக்கொண்டேன். செயினும் பல்சக்கரமும் தேய்ந்துவிட்டன. நானா தன் செலவில் மாற்றித் தருவதாகச் சொல்லி, அந்தத் தாளிலேயே எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார்.