துத்தநாக மாத்திரையா, வால்நட்டா?

கல்யாணமாகி ஓராண்டு கடந்தும் குழந்தை இல்லாதவர்கள், ஆணின் விந்தணுவைப் பெருக்க எது நல்லது என்று கேட்கும் கேள்வி இது.

பலன்
மாத்திரை: 2020-ல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில் 2,370 தம்பதிகள். ஆண்களுக்கு 6 மாதம் தினமும் துத்தநாகம் 30 மி.கி., ஃபோலிக் அமிலம் 5 மி.கி. குழந்தைப் பேறு கூடவில்லை; வயிற்றுக் கோளாறு கூடியது.
வால்நட்: 2012 ஆய்வில் தினம் 75 கிராம், 12 வாரம். விந்தணுவின் ஓட்டம் கூடியது. ஆனால் தின்றவர்கள் ஆரோக்கியமான இளைஞர்கள்!

சிரமம்
மாத்திரை: ஒரு மடக்குத் தண்ணீர்.
வால்நட்: இரண்டு கைப்பிடி, பர்ஸும் இளைக்கும்.

காத்திருப்பு
இரண்டுக்கும் ஒன்றே. விந்தணு உருவாக ஏறக்குறைய 74 நாள்.

நொறுக்குத்தீனிக்குப் பதிலாக என்றால் வால்நட். துத்தநாகக் குறை உறுதியானவருக்கு மாத்திரை. விந்தணு எண்ணிக்கை குறைவென்று ரிப்போர்ட் வந்தவர், இரண்டுக்கும் முன்னால் விரைநாளப் புடைப்பு (விரைப்பையில் ரத்த நாளங்கள் வீங்குவது) இருக்கிறதா என்று யூராலஜிஸ்டிடம் பார்க்கட்டும்.