வெளி மென்பொருளுக்கு எந்த ஃபோல்டர்? நான்கு இயங்குதளங்களில் பல வருட அனுபவம்

அந்த எச்சரிக்கை வரி எனக்கு இன்னமும் மனப்பாடம். ‘/யூஎஸ்ஆர்/லோக்கல்/லிப்’ என்று தொடங்கி, லிப்கர்ல் என்ற லைப்ரரியின் (பல புரோகிராம்கள் பகிர்ந்து பயன்படுத்தும் கோப்பு) பெயரைச் சொல்லி, ‘பதிப்புத் தகவல் இல்லை’ என்று முடியும். லினக்ஸ் கணினியில் வழக்கம்போல அப்டேட் போட்டிருந்தேன். அதற்கப்புறம், இணையத்திலிருந்து கோப்புகளை இறக்கும் கர்ல் கட்டளையை எப்போது கொடுத்தாலும் முதலில் இதுதான் வந்து நிற்கும். சில நாளில் இன்னொரு புரோகிராம், லைப்ரரியில் தனக்கு வேண்டிய ஒரு சிம்பலை (ஃபங்ஷனின் பெயர்) காணோம் என்று திறக்கவே மறுத்தது. பேக்கேஜை நீக்கிவிட்டு மறுபடி நிறுவினேன். பலன் இல்லை.

ஒரு புரோகிராம் எந்த லைப்ரரியை எங்கிருந்து எடுக்கிறது என்று காட்டும் எல்டிடி கட்டளையை ஓட்டியபோதுதான் விஷயம் புரிந்தது. இரண்டு வருடத்துக்கு முன் ஏதோ ஒரு சோதனைக்காக நானே மூல நிரலிலிருந்து கம்பைல் செய்து ‘சூடோ மேக் இன்ஸ்டால்’ கொடுத்து நிறுவிய பழைய லிப்கர்ல் அங்கே அப்படியே கிடந்தது. லைப்ரரிகளைத் தேடும் வரிசையில் அந்த ஃபோல்டர் முந்திக்கொண்டதால், மென்பொருளை நிறுவிப் புதுப்பிக்கும் பேக்கேஜ் மேனேஜர் கொண்டுவந்த புதிய லிப்கர்லை எந்தப் புரோகிராமும் சீண்டவில்லை. பழையதை அழித்து, லைப்ரரிப் பட்டியலைப் புதுப்பிக்கும் எல்டிகான்ஃபிக் ஓட்டியதும் எல்லாம் சரியானது. மூன்று மாலை நேரம் போனது போனதுதான்.

அன்றிலிருந்து ஒவ்வொரு இயங்குதளமும் வெளி மென்பொருளை, அதாவது தன்னோடு சேராமல் நாம் தனியாக நிறுவுவதை, எங்கே வைக்கிறது என்பதைக் கவனித்தே வருகிறேன். லினக்ஸ், ஃப்ரீபிஎஸ்டி, நெட்பிஎஸ்டி, மேக் ஆகிய நான்கையும் வருடக்கணக்கில் புழங்கியிருக்கிறேன்.

ஃப்ரீபிஎஸ்டியில் முதலில் மனதைத் தொட்டது அதன் ஒழுங்கு. இயங்குதளத்தின் சொந்தக் கோப்புகள் ஒரு பக்கம், பேக்கேஜாக வரும் அத்தனையும் /யூஎஸ்ஆர்/லோக்கலுக்குள். மென்பொருளின் செட்டிங்ஸ் இருக்கும் அமைப்புக் கோப்புகள்கூட /ஈடிசியில் கலப்பதில்லை, லோக்கலுக்குள்ளேயே தனியாக ஒரு ஈடிசி இருக்கிறது. சர்வீஸ்களைத் தொடங்கும் ஸ்கிரிப்டுகளும் அதற்குள்தான். ஒரு கோப்பின் பாதையைப் பார்த்தாலே அது யாருடையது என்று தெரிந்துவிடும். இயங்குதளத்தை மேம்படுத்துவதும் பேக்கேஜ்களை மேம்படுத்துவதும் தனித்தனி வேலைகள். ஒன்றில் கை வைக்கும்போது மற்றது என்ன ஆகுமோ என்ற பயம் இல்லை. லினக்ஸிலிருந்து வருபவர்களுக்கு ஒரு சின்னச் சிக்கல் உண்டு. கட்டளைகளை ஓட்டும் ஷெல்லான பாஷ் இங்கே /பின்னில் இல்லை, /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின்னில் இருக்கிறது. முதல் வரியில் பழைய பாதையை எழுதிய ஸ்கிரிப்டுகள் ஓடாது. ‘என்வி’ வழியாக பாஷைத் தேடும்படி மாற்றினால் போதும்.

ஆனால் கையால் கம்பைல் செய்யும் மென்பொருளும் பெரும்பாலும் அதே இடத்துக்குத்தானே வருகிறது? கம்பைலுக்கு முன் ஓட்டும் ‘கான்ஃபிகர்’ ஸ்கிரிப்டுக்கு நாம் பாதை எதுவும் சொல்லாவிட்டால், அது எடுத்துக்கொள்வது /யூஎஸ்ஆர்/லோக்கலைத்தான். அப்போது பேக்கேஜ் மேனேஜரின் கோப்புகளும் என் கோப்புகளும் ஒரே ஃபோல்டரில் கலந்துவிடும். என்னை மூன்று நாள் அலைக்கழித்ததும் இதே மாதிரிக் கலப்புதான்.

இதை நெட்பிஎஸ்டி தீர்த்திருக்கும் விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அங்கே பிகேஜிசோர்ஸ் என்ற பேக்கேஜ் தொகுப்பு வழியாக வருபவை எல்லாம் /யூஎஸ்ஆர்/பிகேஜியில் போய் உட்காரும். அமைப்புக் கோப்புகளும் அதற்குள்ளேயே. /யூஎஸ்ஆர்/லோக்கல் முழுக்க முழுக்கக் கணினியை நிர்வகிப்பவருக்கு. இயங்குதளத்துக்கு ஒன்று, பேக்கேஜ் மேனேஜருக்கு ஒன்று, என் கைவேலைக்கு ஒன்று என்று மூன்று இடம். எனக்குத் தெரிந்து இதுவே சரியான ஏற்பாடு. இதே பிகேஜிசோர்ஸை லினக்ஸில் ரூட் (நிர்வாகி) அனுமதி இல்லாமல் ஹோம் ஃபோல்டருக்குள் நிறுவியும் வேலை பார்த்திருக்கிறேன், குறையில்லை.

லினக்ஸுக்கு இதை அப்படியே பொருத்த முடியாது. அங்கே இயங்குதளத்தின் மையமான கெர்னலும் பேக்கேஜ், டெக்ஸ்ட் எடிட்டரும் பேக்கேஜ். எது ‘வெளி’ என்று கோடு போடவே இடமில்லை, பெரும்பாலும் எல்லாம் /யூஎஸ்ஆருக்குள். லோக்கலை நிர்வாகிக்கு விட்டுவிட வேண்டும் என்று 2015இல் வந்த, எந்தக் கோப்பு எங்கே இருக்க வேண்டும் என்று வகுக்கும் கோப்பு அமைப்புத் தரத்தின் 3.0 பதிப்பும் சொல்கிறது. தனியாகக் கட்டி விற்கப்படும் மென்பொருளுக்கு /ஆப்ட். அவற்றின் அமைப்புக் கோப்புகள் /ஈடிசி/ஆப்டில் இருக்க வேண்டும் என்றும் அதில் உண்டு. என் கணினியில் /ஆப்டில் இருக்கும் எதுவும் அந்தப் பக்கமே போகவில்லை. இருந்தாலும் ஒரு ஃபோல்டரை அழித்தால் ஒரு மென்பொருள் போய்விடும் என்ற வசதிக்காகவே எனக்கு /ஆப்டைப் பிடிக்கும்.

மேக்கில் ஹோம்ப்ரூ என்ற பேக்கேஜ் மேனேஜர் இன்டெல் கணினிகளில் /யூஎஸ்ஆர்/லோக்கலையே எடுத்துக்கொண்டது. ஆப்பிளின் சொந்தச் சிப்பான ஆப்பிள் சிலிக்கான் வந்தபோது /ஆப்ட்/ஹோம்ப்ரூவுக்கு மாறியது. பழைய ஸ்கிரிப்டுகளில் பாதை திருத்த ஒரு நாள் ஆனது, ஆனால் நல்ல மாற்றம். லோக்கல் மறுபடி என் கைக்கு வந்தது.

லினக்ஸில் இப்போது க்னூ ஸ்டோ என்ற, சுட்டிகளை நிர்வகிக்கும் கருவி இல்லாமல் நான் எதையும் கம்பைல் செய்வதில்லை. லோக்கலுக்குள் ‘ஸ்டோ’ என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் மென்பொருளின் பெயரும் பதிப்பு எண்ணும் சேர்த்து ஆளுக்கொரு ஃபோல்டர். நிறுவும் இடத்தைச் சொல்லும் ‘ப்ரிஃபிக்ஸ்’ அங்கேதான் கொடுப்பேன். வழக்கமான இடத்தில் இருப்பவை அங்கே உள்ள கோப்புகளைக் காட்டும் சுட்டிகள் (சிம்லிங்க்) மட்டும். வேண்டாமென்றால் ஒரே கட்டளையில் சுட்டிகள் போய்விடும், அப்புறம் ஃபோல்டரை அழிக்கலாம். போன வாரம் பார்த்தபோது உள்ளே ஏழு ஃபோல்டர்கள் இருந்தன. ஏழும் எதற்கென்று எனக்குத் தெரிந்திருந்தது.